குளிர்பெட்டி வாடகைக்கு விடப்படும்

மீன் சந்தைக்கு ஐஸ்கட்டி கொடுத்துவந்த தவசிலிங்கம், படகுக்காரர்களே ஐஸ் மிஷின் வாங்கிவிட்டதால், சாவு வீடுகளுக்குக் குளிர்பெட்டி வாடகைக்கு விட ஆரம்பித்தார். அதிலும் போட்டி வந்தது. அவருடைய மருமகன் ஜெகன், தொழில் முன்னேற்ற வகுப்புக்குப் போய்ச் சான்றிதழோடு ஞானமும் பெற்றுத் திரும்பியிருந்தான். "சந்தை மாறுதுன்னா நாமளும் மாறணும் மாமா. கஸ்டமர நாமதான் கூப்பிடணும்" என்று சொல்லி எல்லாப் பெட்டிகளிலும் ஸ்டிக்கர் ஒட்டினான். கடைப்பெயர், போன் நம்பர், அடியில் 'நன்றி, மீண்டும் வருக'. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாத ஊர் அது.

அப்படியொரு பெட்டியில்தான் இன்று தவசிலிங்கத்தின் மனைவி ராஜக்கனி படுத்திருந்தாள்.

"உம்ம வியாபாரத்த என் தங்கச்சிகிட்டயுமா காட்டணும் மாப்ள? பிச்சு எறியும்" என்று தவசிலிங்கத்திடம் சொன்னார் அவளுடைய அண்ணன். ஞானி ஜெகன் பந்தல் கூட்டத்தில் கரைந்துவிட்டான்.

தவசிலிங்கம் பெட்டியருகே குத்தவைத்து, ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். கடைப்பெயர் உரிந்து வந்தது. போன் நம்பர் வந்தது. 'நன்றி' சுருண்டு கீழே விழுந்தது. அதற்குமேல் விரல் நகரவில்லை.

"மிச்சத்தையும் எடும். ஊரு சிரிக்கும்."

"சிரிச்சிட்டுப் போகட்டும் மச்சான். இது மட்டும் இருக்கட்டும்."

வாசலில் மயான வண்டி வந்து ஹாரன் அடித்தது. மீதியிருந்த இரண்டு வார்த்தைகளையும் அவர் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, கண்ணாடிக்குள் ராஜக்கனியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.