மூச்சை இழுத்து விடுங்க

"வேணாம் ஹேமா, வண்டியைத் திருப்பிடலாம். வழியில பஞ்சர்னு சொல்லிக்கலாம்."

கிழக்குத் தாம்பரத்தில் அந்தக் கல்யாண மண்டபத்துக்கு எதிரே காரை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான் பிரசன்னா. உள்ளே அவன் சித்தப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். சொந்தபந்தம் மொத்தமும் அங்கேதான்.

"மேடவாக்கத்துலேர்ந்து அந்த டிராஃபிக்ல வந்தது திரும்பிப் போறதுக்கா? கண்ணை மூடுங்க. மூச்சை இழுத்து மெதுவா விடுங்க."

"நீயும் செய்யேன். தனியா செஞ்சா கூச்சமா இருக்கு."

ஹேமாவதியும் கண்ணை மூடிக்கொண்டாள்.

கூட்டமென்றால் அவளுக்கும் ஆகாதுதான். நாலு மாதத்துக்கு முன் சொந்தக் கல்யாண ரிசப்ஷனிலேயே, தலைவலி என்று சொல்லி மேடையிலிருந்து இறங்கிப் போய் அறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டவள். 'பொண்ணுக்குத் தலைக்கனம்' என்று அவன் வீட்டார் பேசியது அவள் காதுக்கும் வந்தது.

ஆனால் அடுத்த வாரமே, "எனக்குக் கூட்டம்னாலே உதறல் ஹேமா" என்று பிரசன்னா சொல்லிவிட்டான். அப்புறம் தன் பயத்தை நினைக்க அவளுக்கு ஏது நேரம்? அவனுக்காக யூடியூபில் தேடித் தேடிக் கற்றுக்கொண்டாள். ஆபீஸ் டின்னர், அபார்ட்மென்ட் பொங்கல் விழா எல்லாவற்றையும் இப்படித்தான் தாண்டினார்கள்.

"எல்லார்கிட்டயும் பேச வேணாங்க. தனியா உட்கார்ந்திருக்கிற ஒருத்தர் பக்கத்துல போய் உட்காருங்க. ஒரு கேள்வி கேட்டா போதும், மிச்சத்தை அவங்களே பேசிடுவாங்க. முடியலைன்னா வெளிய வந்து முகம் கழுவிக்கலாம்."

"நீ பாதியில என்னை விட்டுட்டுப் போயிடக் கூடாது."

"எங்கயும் போக மாட்டேன். வாங்க."

உள்ளே அவன் அவளுக்குப் பின்னாலேயே ஒண்டிக்கொண்டு நின்றான். வேறு வழியில்லாமல் அவள்தான் பேசினாள். ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மாவிடம் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டாள். அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சுற்றி இன்னும் நாலு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். பேச்சும் சிரிப்புமாகச் சாப்பாட்டுப் பந்திவரை வந்த பிறகுதான், நெஞ்சு படபடக்கவே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. அப்பாடா, இவ்வளவுதானா?

கீதா சித்தி பாயசத்தோடு வந்தாள்.

"அன்னிக்கு உன்னைத் தப்பா நினைச்சிட்டோம்மா. எவ்வளவு நல்லா பழகுற!" என்றவள், பிரசன்னாவைப் பார்த்தாள். "ஆமா, இவனுக்கு என்ன ஆச்சு, தொண்டை கட்டிக்கிச்சா? நம்ம வீட்டு விசேஷம்னா மைக்கே இவன் கையிலதானே இருக்கும்! உங்க ரிசப்ஷன்ல நீ உள்ள போனப்புறம், வந்த கூட்டம் மொத்தத்தையும் கடைசிவரைக்கும் சிரிக்க வெச்சு அனுப்பினவனாச்சே!"

ஹேமாவதி மெல்லத் திரும்பினாள். பிரசன்னா பாயசக் கிண்ணத்துக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டிருந்தான்.