கம்பியப் பிடிச்சுக்கங்க

கடைசி வரிசையில் பிச்சையம்மாள் வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் ஹேமாவதி சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

கையிலிருந்த தாள்கள் படபடத்தன. மைக்கில் கேட்டுவிடுமோ என்று மேசையில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

கம்பத்தில் ஒரு செல்போன் கடையின் மாடி அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பதினைந்து பேர் கூடிக் கதை வாசிப்பார்கள். கூட்டத்தை நடத்துகிற ஈஸ்வரபாண்டி அவளை அறிமுகம் செய்துகொண்டிருந்தார்.

"ஹேமாவதி மேடம் ஒரு காலத்துல பத்திரிகையில நெறைய எழுதுனவுக. நடுவுல விட்டுட்டாக. இன்னைக்குப் புதுக் கதையோட வந்திருக்காக."

விட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஏன் என்று கேட்டவர்களிடம் தாலுகா ஆபீஸில் வேலை கூடிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தாள். உண்மையில், எழுத உட்கார்ந்தால் ஒரு மலைப்பாதைதான் வந்து நின்றது. அதில் ஒரு வளைவு. அதற்கு மேல் போகப் பயந்து பேனாவை மூடிவிடுவாள்.

போன மாதம் ஒரு மதியம், ஆபீஸில் சாப்பிட்ட கை காய்வதற்குள், என்ன வேகமோ, அந்த வளைவைத் தாண்டி எழுதிவிட்டாள். முடித்து நிமிர்ந்தபோது ரவிக்கை வியர்வையில் நனைந்து கிடந்தது.

அந்தக் கதையைத்தான் இப்போது வாசிக்க வேண்டும். அதில் வருகிற ஜீப் டிரைவர், பிச்சையம்மாளின் புருஷன் சுருளி.

பெயரை மாற்றியிருந்தாள். ஜீப்பின் நிறத்தை மாற்றியிருந்தாள். மாற்றி என்ன? அவள் எழுத்தை விட்ட வருடம், ஏலக்காய்த் தோட்ட வேலை முடிந்து பெண்களை ஏற்றிக்கொண்டு மலையிறங்கிய ஜீப் பாறையில் மோதி நொறுங்கியது, இந்த ஊரில் யாருக்குத் தெரியாது?

சுருளி தூங்கிவிட்டான் என்றார்கள். இல்லை, குடித்திருந்தான் என்றார்கள். அவனும் செத்துப்போனதால் ஏச்சையெல்லாம் பிச்சையம்மாள் வாங்கிக்கொண்டாள். அவள் வீட்டு ஓட்டில் கல் விழுந்தது. தெருக்குழாயில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அப்படிப்பட்டவளின் கண்ணெதிரே, அவள் புருஷன் செத்ததைக் கதையாக வாசிப்பதா?

தலைவலி என்று சொல்லி இறங்கிவிடலாமா என்று நினைத்தாள். அதற்குள் எல்லோரும் கை தட்டிவிட்டார்கள்.

முதல் வரியைத் தெரியாமல் இரண்டு முறை வாசித்தாள். குரல் யாருடையதோ போல இருந்தது. கடைசி வரிசையைப் பார்க்கக் கூடாது என்று தாளிலேயே கண்ணை வைத்திருந்தாள். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டால் போதும், படிக்கிற வரி தவறிப்போனது. இதோ எழுந்திரிக்கிறாள். இதோ கத்தப்போகிறாள்.

வளைவு வந்தது. பிரேக் பிடிக்கவில்லை. டிரைவர் குதித்திருக்கலாம், குதிக்கவில்லை. பள்ளத்தில் போனால் ஒரு உயிரும் மிஞ்சாது என்று வண்டியைப் பாறைப் பக்கம் ஒடிக்கிறான். "கம்பியப் பிடிச்சுக்கங்க! கம்பியப் பிடிச்சுக்கங்க!" என்று கத்துகிறான்.

அதோடு கதை முடிந்தது.

யாரும் கை தட்டவில்லை. பிச்சையம்மாள் எழுந்து நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்தாள். வழியிலிருந்தவர்கள் காலை இழுத்துக்கொண்டார்கள். ஹேமாவதி ஒரு எட்டு பின்னால் வைத்தாள். முதுகில் சுவர் இடித்தது.

"நீ எழுதுனதா ஆத்தா இது?"

"ஆமாக்கா."

"எங்க வீட்டுக்காரவுகளப் பத்தித்தான?"

ஹேமாவதி தலையை மட்டும் அசைத்தாள்.

"பாறைப் பக்கம் ஒடிச்சாகன்னு எழுதியிருக்கியே. கம்பியப் பிடிச்சுக்கங்கன்னு கத்துனாகன்னு எழுதியிருக்கியே." பிச்சையம்மாள் மேசைமேலிருந்த தாள்களைத் தொட்டாள். "நெசந்தானா?"

திட்டுவாள், அடிக்கக்கூட அடிப்பாள் என்றுதான் ஹேமாவதி பயந்திருந்தாள். இந்தக் கேள்வி அதைவிடப் பயமாக இருந்தது. கற்பனைதான் அக்கா என்று சொல்ல வாயைத் திறந்தாள். எதிரே அந்த முகம் அப்படியே காத்துக்கொண்டிருந்தது.

"நெசந்தான்க்கா."

"ஒனக்கு யாரு சொன்னா? பின்னால இருந்தவுக எல்லாம் அசந்து தூங்கிட்டோம், ஒண்ணும் தெரியாதுன்னுட்டாக. முன்னால இவுக பக்கத்துல ஒரு அம்மா இருந்தாகளாம். அவுகளும் போய்ச் சேந்துட்டாகளே?"

"அவுக எங்கம்மாக்கா. மூக்கம்மா." ஹேமாவதி தாள்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உசுரு போறதுக்கு முந்தி, ஆஸ்பத்திரியில வச்சு எங்கிட்டச் சொன்னாக."

பிச்சையம்மாள் அவளுடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "தூங்கலயாம். அவுக தூங்கலயாம்" என்று ஒவ்வொருவரிடமாகச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

ஹேமாவதியும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அன்றைக்கு அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போய்ச் சேர்ந்தபோது, அம்மாவை முகத்தையும் சேர்த்துத் துணி போட்டு மூடியிருந்தார்கள்.