தானாகத் திரும்பும் இருக்கை

அந்த உணவகத்தின் சுழல் இருக்கைகளை வடிவமைத்தவர் அகஸ்டின். உட்கார்ந்தவர் பக்கவாட்டில் திரும்பினால் இருக்கை ஒரு விரற்கடை மேலே ஏறும். காலைத் தரையிலிருந்து எடுத்ததும் உட்கார்ந்தவருடைய எடையே அதைக் கீழிறக்கி மறுபடி மேசைப் பக்கம் திருப்பிவிடும். ஞாயிறுதோறும் அவர் மனைவி ரெஜினா சன்னலைப் பார்த்துத் திரும்பி, காலைத் தூக்கிக்கொண்டு, இருக்கை தன்னைக் கொண்டுவந்து சேர்ப்பதற்காகக் காத்திருப்பாள். மூன்று நொடிகள் ஆகும். சித்திரையில் அது ஐந்தானது. ஆடியில் ஒன்பது. "உங்க நாற்காலிக்கு வயசாயிடுச்சுங்க" என்றாள். "கிரீஸ் காஞ்சிருக்கும்" என்றார். மறுநாள் தனியாக வந்து கழற்றிப் பார்த்தார். கிரீஸ் ஈரமாகவே இருந்தது. திரும்பப் பொருத்தி, தானே உட்கார்ந்து சன்னல் பக்கம் திரும்பிக் காலைத் தூக்கினார். மூன்றே நொடி. இன்னொரு முறை பார்த்தார். அதே மூன்று. அடுத்த ஞாயிறு ரெஜினா திரும்பிக் காலைத் தூக்கினாள். தோசை ஆறியது. இருக்கை அசையவில்லை. "கிரீஸ் மாத்தினீங்களா இல்லையா?" என்றாள், தெருவைப் பார்த்தபடியே. அவர் செருப்பைக் கழற்றி, மேசைக்கடியில் காலை நீட்டி, விரல்களால் இருக்கையின் அடியை மெல்லத் தள்ளினார். இருக்கை அவளோடு சுழன்று அவருக்கு எதிரே வந்து நின்றது. "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார். "யாருக்கு, நாற்காலிக்கா?" என்று சிரித்தபடி, ஒரு விள்ளல்கூடக் குறையாத தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். பிறகு தன் பாதத்தை எடுத்து அவருடைய வெறும் பாதத்தின்மேல் வைத்தாள். எடையே தெரியவில்லை; அவர் குனிந்து பார்த்துத்தான் அதைத் தெரிந்துகொண்டார்.