போட்ஸ்வானாவில் தங்க அனுமதி

"என் ஃபைலைக் காட்டுங்க."

எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று சொல்லித்தான், எனக்காக விண்ணப்பித்த மோலெஃபி அனுப்பியிருந்தான்.

குடியேற்ற அலுவலகத்துப் பெண் அதிகாரி சிரித்தாள். "அனுமதிதான் வந்தாச்சே தங்கச்சி. ரெண்டு வருஷம் தாராளமா இருக்கலாம். ஃபைல் எதுக்கு?"

"என்ன எழுதியிருக்குன்னு படிக்கணும். எங்க வம்சத்துலயே முதல் டிகிரி நான்."

"அடேயப்பா! டிகிரி படிச்சுட்டா இந்த வேலைக்கு வந்தே?"

ஃபைலை என் பக்கம் திருப்பினாள். வேலை: வீட்டுப் பணிப்பெண்.

"உன் முதலாளி மோலெஃபி தங்கமான மனுஷன். அவர் சம்சாரமும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்காங்க, பாரு."

பார்த்தேன். அழகான கையெழுத்து. எனக்குக் கோபம்கூட வரவில்லை.

"சீக்கிரம் கையெழுத்துப் போடும்மா. இதை வாங்கலேன்னா நாளைக்கே நீ நாட்டை விட்டுப் போகணும்."

பேனாவை மூடி வைத்தேன்.

"அந்த முதலாளிதான் அக்கா, போன குளிர்காலத்துல ஜிம்பாப்வேல எங்க ஊர் புலவாயோவுக்கு வந்து, எங்கப்பாவுக்கு எட்டு மாடு பரிசம் கொடுத்து என்னைக் கட்டிக்கிட்டான்."

அனுமதிச் சீட்டை மேசையிலேயே விட்டுவிட்டு, புலவாயோ பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன்.