கட்டுவான்

அந்த வீட்டில் அவனைப் பற்றி இறந்தகாலத்தில் யாரும் பேசுவதில்லை.

அப்படியொரு விதியை எவரும் வகுக்கவில்லை. இலக்கணம் அந்தக் காலத்துக்கு இட்டிருக்கும் பெயரே அங்கே ஆகாததாகிவிட்டது.

"மீன் தலைய டெரன்ஸ்தான் சாப்பிடுவான்" என்பார் மாமனார், தலையைத் தம் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டே. அது மகனின் பழைய வழக்கமா, இனி வரப்போகும் ஒரு மதியமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வினைச்சொல் இரண்டுக்கும் இடம் தந்தது.

அந்த இடத்தில்தான் அவன் தாய், தகப்பன், மனைவி மூவரும் மூன்று ஆண்டுகளாகக் குடியிருந்தார்கள்.

அவள் மேசைமேல் மென்துணியை விரித்தாள்.

ஞாயிறு முற்பகல். பூசைக்குக் கட்டிய சேலையை இன்னும் மாற்றவில்லை.

கடிகாரத்தைத் துணிமேல் முகம் கவிழக் கிடத்தினாள். சுவிஸ் கடிகாரம். கப்பலில் இரண்டாம் அதிகாரியாக உயர்ந்த ஆண்டு ஏதோ ஒரு துறைமுகத்தில் அவன் ஆசைப்பட்டு வாங்கியது. சாவி கொடுக்க வேண்டியதில்லை. கட்டியிருப்பவரின் கை அசைந்தால் ஓடும்.

வார் இற்றுப்போனதால், வந்து மாற்றிக்கொள்வதாகச் சொல்லி, வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனது.

பதினோராம் நாள் கப்பலிலிருந்து தகவல் வந்தது. ஆளைக் காணவில்லை.

உடல் கிடைக்கவில்லை. ஆகவே அடக்கம் இல்லை. முப்பதாம் நாள் பூசையும் இல்லை.

அன்றுமுதல் காலைதோறும் மாமனார் கடிகாரத்தைக் கையிலெடுத்து அசைக்கிறார், மருந்துப் புட்டியைக் குலுக்குவதுபோல. அது ஒரு நாளும் நின்றதில்லை.

நாளை அவள் வேலையில் சேர்கிறாள். பள்ளிக்கூட அலுவலகம். கட்டிக்கொண்டு போக வாட்ச் வேண்டும், வாரை மாற்றிக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தாள். என்ன அளவில் வார் வாங்கியிருக்கிறாள் என்பதைச் சொல்லவில்லை.

கடைக்காரர் அளவு கேட்டபோது தன் கையைத்தான் நீட்டினாள்.

இந்த வார் அவன் கைக்கு எட்டாது. அவன் வந்தால் கட்ட முடியாது. மாமியார் அதைக் காணப்போகும் கணத்துக்குத்தான் அவள் அஞ்சினாள்.

மாமியார் அடுக்களை வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏ பிள்ள, பாத்துச் செய்யி," என்றார் மாமனார், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து. "கீறல் விழுந்துச்சுன்னா டெரன்ஸ் உன்னைய ஒண்ணும் சொல்லமாட்டான். என்னையத்தான் ஏசுவான்."

"அதுக்குத்தான் மாமா டேப் ஒட்டுறேன்."

"மிச்சம் இருந்தா அவுக வாயிலயும் ஒட்டிவிடு," என்றார் மாமியார், தலை நிமிராமல்.

வார் மாட்டும் நான்கு கொம்புகளின்மேலும் டேப்பை ஒட்டி நகத்தால் நீவினாள். அவனைப் பார்த்துக் கற்றது. கருவியும் அவனுடையது. அதன் பிளந்த நுனியை வாருக்கும் கொம்புக்கும் இடையில் நுழைத்து, உள்ளிருக்கும் ஊசியின் தோளை அமுக்க வேண்டும். ஊசிக்குள் வில் இருக்கிறது. அவசரப்பட்டால் தெறிக்கும். அதற்காக மற்றக் கையைக் குடைபோலக் கவிழ்த்துக்கொள்ள வேண்டும்.

கவிழ்த்துக்கொண்டாள்.

ஊசி இறங்கியது. வாரின் ஒரு பாதி கழன்றது. பிறகு மறு பாதி.

உள்தோலில் வியர்வைக் கறை. மூன்றாவது துளை மட்டும் நீண்டு, பிய்ந்திருந்தது.

முகர்ந்து பார்க்கத் தோன்றியது. மாமியார் இருந்தார். முகரவில்லை.

பழையதைக் கழற்றிய வரிசையிலேயே துணிமேல் வைத்து, அதைப் பார்த்துப் பார்த்துப் புதியதைப் பொருத்தினாள். பன்னிரண்டின் பக்கம் துளைகள். ஆறின் பக்கம் கொக்கி. ஊசி குழியில் விழும் சிற்றொலிக்காகக் காத்திருந்தாள்.

விழுந்தது.

இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

டேப்பை உரித்துவிட்டுக் கடிகாரத்தை இடது மணிக்கட்டில் வைத்தாள். கட்ட வரவில்லை. கொக்கி இருக்க வேண்டிய பக்கத்தில் துளைகள் இருந்தன. விரல்கள் தடுமாறின.

இறால் ஓடு களையும் ஒலி நின்றிருந்தது.

மாமியார் எழுந்து வந்தார். ஈரக்கையை முந்தானையில் துடைத்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. புது வாரை மட்டும் பிடித்து நீட்டிப் பார்த்தார். பிறகு மருமகளின் மணிக்கட்டைத் தம் விரல்களால் சுற்றிப் பிடித்தார்.

வெகுநேரம் பிடித்திருந்தார்.

மாமனார் செய்தித்தாளைத் தாழ்த்தினார்.

"அவனுக்கு இடதுகைப் பழக்கம்லா," என்றார் அவசரமாக. "வாட்ச்ச வலது கையிலதான் கட்டுவான். அதுக்குத் தோதா கொக்கிய மாத்தி வச்சிருப்பான். இவ அதப் பாத்து அப்படியே மாட்டிட்டா, பாவம். சின்ன பெல்ட்டுன்னா என்ன, அவன் வந்ததும் வேற போட்டுக்கிடுவான். டெரன்ஸ் வலது கையிலதான..."

மாமியார் நாற்காலியை இழுத்துப்போட்டு அவளருகே உட்கார்ந்தார். பழைய வாரை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். கருவியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"கட்டுனான்," என்றார். "நீ உன் கைக்குத் தோதா மாத்தி மாட்டு, பிள்ள."