இணைக்காத கால்

மேசையில் சிப் பொருத்திய மின்சுற்றின் இரண்டு சுவிட்சும் அணைந்திருக்கின்றன. விளக்கு எரியவே கூடாது. ஆனால் புது ஆசிரியையின் கை அருகே போனால் எரிகிறது, விலகினால் அணைகிறது. இன்றைய வகுப்பைப் பார்த்துத்தான் அவள் வேலையை நிரந்தரமாக்குவார்கள். துறைத்தலைவி கடைசி பெஞ்சில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். "மேடம், உங்களைப் பார்த்தாதான் அது முகம் மலருது," என்கிறாள் ஒரு மாணவி. வகுப்பே சிரிக்கிறது. ஆசிரியைக்குப் புரிந்துவிடுகிறது. சிப்பின் பதினான்கு உலோகக் கால்களில் ஏதோ ஒன்றை இணைக்க மறந்திருக்கிறாள். அந்தக் கால் பூஜ்யமா ஒன்றா, அணைப்பதா எரிப்பதா என்று நிலைகொள்ளாமல், பக்கத்தில் வரும் கைக்கெல்லாம் தடுமாறுகிறது. ஒயர் பழுதென்று சொல்லிச் சமாளிக்கலாம். ஒயரை நோக்கிப் போன கையை இழுத்துக்கொள்கிறாள். "நான்தான் ஒரு காலை விட்டுட்டேன். எதுன்னு கண்டுபிடிங்க." பெஞ்சுகள் கிறீச்சிட, எல்லாரும் மேசையைச் சூழ்ந்துகொள்கிறார்கள். "கொஞ்சம் தள்ளுங்கம்மா, எனக்குத் தெரியல," என்கிற துறைத்தலைவியின் குரல் ஆசிரியையின் தோளுக்கு மிக அருகில் கேட்கிறது.