நிழல் போன நாள்

தீப்பந்தம் பட்டதும் திரையில் அந்த லயத்து வீடுகள் பற்றிக்கொண்டன. விளையாடிப் பார்க்க வந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

மீனலோசனி குடித்துக்கொண்டிருந்த தே தாரேக் தேநீரை மேசையில் வைத்தாள்.

அந்த உலகம் அவள் எழுதியது. ஜொகூர் பாருவில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கும் அந்தச் சின்ன நிறுவனத்தில், கைப்பேசி விளையாட்டு ஒன்றுக்காக அதன் சரித்திரம் முழுவதையும் உட்கார்ந்து எழுதியிருந்தாள்.

ஒரு நண்பகலில் கடல் எழுந்து நின்றது. அது மறுபடி படுத்தபோது உலகில் எதற்கும் நிழல் இல்லை. மரத்துக்கு இல்லை. மாட்டுக்கு இல்லை. மடியில் கிடந்த பிள்ளைக்கும் இல்லை.

ஏன் என்று யாருக்கும் தெரியாது. அப்படித்தான் முடித்திருந்தாள்.

முதலாளி சுகுமாறன் அவளைக் கேட்காமல் ஒரு காரணம் சேர்த்துவிட்டார்.

சேற்றுக்குடி என்றொரு கூட்டம். எலி தின்பவர்கள். செத்தவர்களைக் கடலில் வீசுபவர்கள். அந்த அசுத்தம் தாங்காமல்தான் கடல் எழுந்ததாம். அவர்கள் வீடுகளைக் கொளுத்தக் கொளுத்த, விளையாடுபவருக்கு நிழல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும்.

வீடுகள் என்றால், தோட்டத் தொழிலாளர்களின் லயம் போலவே வரிசையாக ஒட்டிக் கட்டிய பலகை வீடுகள். பின்னால் செம்பனைத் தோட்டம். ஓரத்தில் குட்டியாக ஒரு காளி கோயில்.

நெருப்புக்குள்ளிருந்து ஒரு கிழவி ஓடி வந்தாள். கைலி எரிந்தது. வாயில் வெற்றிலைச் சாறு வழிந்தது. அவளுக்குப் பேச்சு வைக்கவில்லை. பன்றியின் உறுமல் மட்டும்.

மறுபடி சிரிப்பு.

மீனலோசனி தோட்டத்தில் பிறந்தவள் இல்லை. யாழ்ப்பாணத்து வம்சம், அப்பா அரசாங்க உத்தியோகம். ஆனாலும் உடம்பு கூசியது.

சுகுமாறனைப் பார்த்தாள். மடிப்புக் கலையாத சட்டை, சென்ட் வாசனை, எதற்கெடுத்தாலும் சிங்கப்பூர்ப் பேச்சு. இந்த ஆள் ஒரு தோட்டத்தைக் காருக்குள் இருந்தாவது பார்த்திருப்பாரா?

“தோட்டத்து ஜனங்கள இப்படியா காட்டுவீங்க? அருவருப்பா இருக்கு பாஸ். என் பேர எடுத்துடுங்க.”

“எடுத்துடலாம்,” என்றார் அவர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். “ஆளுங்களுக்கு அடிக்க யாராச்சும் வேணும் லா, மீனா.”

அவள் பையை எடுத்துக்கொண்டு கதவுவரை போய்விட்டாள்.

பின்னால், படம் வரையும் கவினின் நாற்காலியைப் பிடித்தபடி சுகுமாறன் குனிந்தார். கிழவியின் முகத்தைப் பெரிதாக்கச் சொன்னார். மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

“மூக்குத்தி தப்பு, கவின். லயத்துல எங்கம்மா வலது பக்கம் குத்தியிருந்தாங்க.”